பட்டப்படிப்பில் பதிப்போவியம் மைனர் பாடம்: சேரும் முன் மாணவர்கள் அறிய வேண்டியவை என்ன?

புது டெல்லி: வேதியியலையோ வரலாற்றையோ முதன்மைப் பாடமாகப் படிக்கும் மாணவர் ஒருவர், அதே பட்டப்படிப்பில் மரப்பலகையைச் செதுக்கி அச்செடுக்கவும், செம்புத் தகட்டில் கோடு கீறிப் படம் பதிக்கவும் முறையாகக் கற்று, அதற்கான கல்வித் தகுதியையும் பெற முடியுமா? நாட்டின் புதிய இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி இதற்கு இடம் உண்டு. பிரிண்ட்மேக்கிங் எனப்படும் பதிப்போவியக் கலையை ஒரு பல்கலைக்கழகம் மைனர் பாடமாக வழங்கினால், பிற துறை மாணவரும் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

எனினும், விதியில் இடம் இருப்பதால் மட்டும் அக்கலை கைவந்துவிடாது. அச்சு இயந்திரத்தின் அருகே மாணவருக்குக் கிடைக்கும் நேரமே இந்தப் படிப்பின் தரத்தைத் தீர்மானிக்கிறது. பாடத்தைத் தேர்வு செய்வதற்கு முன் மாணவர்களும் பெற்றோரும் கவனிக்க வேண்டிய அம்சங்கள் பின்வருமாறு:

பதிப்போவியம் என்றால் என்ன?

ஓவியர் நேரடியாகத் தாளிலோ துணியிலோ வரைவது ஓவியம். மரம், உலோகம், கல், திரை போன்ற ஒரு பரப்பில் படத்தை உருவாக்கி, அதில் மை ஏற்றி, தாளுக்கு மாற்றுவது பதிப்போவியம். ஒரே பரப்பிலிருந்து பல படிகள் எடுக்க முடிவது இக்கலையின் சிறப்பு. அந்தப் படிகள் ஒவ்வொன்றும் மூலப் படைப்பாகவே கருதப்படும். நகல் எனக் கொள்ளப்படுவதில்லை.

இதில் நான்கு அடிப்படை முறைகள் உள்ளன. முதலாவது, மேடச்சு. மரப்பலகையிலோ லினோலியம் விரிப்பிலோ வேண்டாத பகுதிகளைச் செதுக்கி நீக்கிவிட்டு, மேடாக எஞ்சும் பகுதியில் மை தடவி அச்செடுப்பது இம்முறை. மரச்செதுக்கும் லினோகட்டும் இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது, பள்ள அச்சு. உலோகத் தகட்டில் கீறியோ அமிலத்தால் அரித்தோ பள்ளங்களை உண்டாக்கி, அவற்றில் மையை நிரப்பி, ஈரத் தாளை மேலே வைத்து உருளையால் அழுத்துவது இம்முறை. எட்ச்சிங் இவ்வகையில் அடங்கும்.

மூன்றாவது, கல்லச்சு. எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்ற இயல்பை ஆதாரமாகக் கொண்டது இது. சுண்ணாம்புக் கல்லின் சமதளப் பரப்பில் கொழுப்புள்ள மையால் வரைந்து, கல்லைப் பக்குவப்படுத்தி, ஈரமாக்கினால், வரைந்த இடம் மட்டும் அச்சு மையை ஏற்கும். ஈரமான இடம் மையை விலக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த அலாய்ஸ் செனஃபெல்டர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்முறையைக் கண்டறிந்தார். நான்காவது, திரை அச்சு. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணித் திரையின் சில பகுதிகளை அடைத்து, திறந்த பகுதிகளின் வழியே மையைத் தாளுக்குச் செலுத்துவது இம்முறை. திருமண அழைப்பிதழ்களிலும் பனியன்களிலும் நாம் அன்றாடம் காணும் ஸ்க்ரீன் பிரிண்டிங் இதுவே.

பதிப்போவியத்தின் கீழ் விளிம்பில் 3/20 போன்ற எண்ணைக் காணலாம். மொத்தம் 20 படிகள் கொண்ட பதிப்பில் இது 3-ஆம் படி என்பது அதன் பொருள். பதிப்பின் அளவை முன்கூட்டியே அறிவித்து, அதற்கு மேல் அச்செடுக்காமல் இருப்பது இக்கலையில் நம்பகத்தன்மையின் அடையாளமாக மதிக்கப்படுகிறது.

விதிகள் சொல்வது என்ன?

யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு, தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ அடிப்படையாகக் கொண்டு, இளநிலைப் படிப்புகளுக்கான பாடத்திட்ட மற்றும் கிரெடிட் கட்டமைப்பை 2022 டிசம்பரில் வெளியிட்டது. அதன்படி மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தபட்சம் 120 கிரெடிட்களும், நான்காண்டு ஹானர்ஸ் பட்டத்துக்கு 160 கிரெடிட்களும் தேவை.

மேஜர் எனப்படும் முதன்மைப் பாடத்துக்கு மூன்றாண்டுப் படிப்பில் 60 கிரெடிட்களும், நான்காண்டுப் படிப்பில் 80 கிரெடிட்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. மைனர் பாடத்துக்கான ஒதுக்கீடு முறையே 24 மற்றும் 32 கிரெடிட்கள். எஞ்சியவை மொழி, திறன் மேம்பாடு, பல்துறைப் பாடங்கள், தொழில் பயிற்சி உள்ளிட்டவற்றுக்கு உரியவை. முதலாண்டில் பல பாடங்களை அறிந்துகொண்ட பின், இரண்டாம் பருவத்தின் முடிவில் மாணவர் தமது மைனர் பாடத்தை அறிவிக்கலாம் என்றும் அக்கட்டமைப்பு கூறுகிறது.

எந்தப் பாடங்களை மைனராக வழங்குவது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்கிறது. பதிப்போவியத்தைத் தனி மைனராக வழங்காமல், காட்சிக் கலை என்ற பொது மைனரின் ஒரு பகுதியாகச் சில தாள்களில் மட்டும் கற்பிக்கவும் வாய்ப்பு உண்டு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது என்பதால், பாடத்தின் பெயரோடு நிற்காமல், அதன் தாள்வாரியான பாடத்திட்டத்தையும் பார்ப்பது அவசியம்.

ஒரே கிரெடிட், வேறுபடும் மணிக்கணக்கு

15 வாரங்கள் கொண்ட ஒரு பருவத்தில், வகுப்பறைப் பாடம் எனில் ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேரமும், செய்முறை எனில் 30 மணி நேரமும் கணக்கிடப்படுகின்றன. பதிப்போவியம் போன்ற கைத்தொழில் சார்ந்த பாடத்தில் இந்தக் கணக்கு மிகுந்த முக்கியத்துவம் பெறுகிறது.

எடுத்துக்காட்டாக, 24 கிரெடிட் மைனர் முழுவதும் வகுப்பறைப் பாடமாக நடத்தப்பட்டால் மாணவருக்குக் கிடைப்பது 360 மணி நேரம். அதே 24 கிரெடிட்களில் 18 செய்முறையாகவும் 6 வகுப்பறைப் பாடமாகவும் அமைந்தால், 540 மணி நேரச் செய்முறையும் 90 மணி நேர வகுப்பும் சேர்ந்து 630 மணி நேரம் ஆகிறது. சான்றிதழில் இரண்டும் 24 கிரெடிட்களே. ஆயினும் முதல் மாணவர் பதிப்போவியத்தின் வரலாற்றை மட்டுமே அறிந்திருப்பார். இரண்டாம் மாணவருக்குக் கருவிகள் கைப்பழக்கமாகியிருக்கும்.

மணி நேரத்தின் எண்ணிக்கையைப் போலவே அது பிரித்து வழங்கப்படும் விதமும் முக்கியமானது. எட்ச்சிங் முறையில் ஒரே ஒரு சோதனைப் படி எடுப்பதற்கு எத்தனை படிநிலைகள் உள்ளன என்பதைப் பார்த்தால் இது விளங்கும். தகட்டின் விளிம்புகளை அரம் கொண்டு சரித்து, பரப்பிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கை நீக்க வேண்டும். அமிலத்தைத் தடுக்கும் மெழுகுப் பூச்சைத் தடவி உலரவிட வேண்டும். ஊசியால் வரைந்து, அரிக்கும் கரைசலில் இட்டு, கழுவி, பூச்சை அகற்ற வேண்டும். அதன் பின் மையைத் தேய்த்துப் பள்ளங்களில் இறக்கி, மேற்பரப்பு மையைத் துணியால் துடைத்தெடுத்து, முன்னரே நனைத்து வைத்த தாளை மேலே இட்டு அழுத்த வேண்டும். இறுதியில் தகடு, உருளை, மேசை என அனைத்தையும் தூய்மை செய்தாக வேண்டும்.

வகுப்பறைக்கென வகுக்கப்பட்ட ஒரு மணி நேர, இரண்டு மணி நேரப் பிரிவுகளுக்குள் இப்பணி அடங்காது. மாணவர் மை கலந்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். ஒரே நாளில் மூன்று அல்லது நான்கு மணி நேரம் தொடர்ச்சியாக ஒதுக்கும் கால அட்டவணையே இப்பாடத்துக்குப் பொருத்தமானது. முதன்மைப் பாடத்தின் ஆய்வக நேரமும் இதுவும் ஒரே நாளில் மோதுவது மைனர் மாணவர்களுக்கு ஏற்படக்கூடிய நடைமுறைச் சிக்கல்களில் ஒன்று.

இயந்திரங்களின் எண்ணிக்கையும் கருத்தில் கொள்ளத்தக்கது. 20 மாணவர்களுக்கு ஓர் அழுத்த இயந்திரம் மட்டுமே இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு படிக்கும் இயந்திரத்தில் 10 நிமிடம் ஆகும் எனில், வாரத்துக்கு 6 மணி நேரச் செய்முறையில் 36 படிகள் எடுக்கலாம். அதாவது ஒரு மாணவருக்கு வாரம் இரண்டு படிகள்கூடக் கிடைக்காது. வகுப்பு நேரத்துக்கு வெளியிலும் கூடத்தைப் பயன்படுத்த அனுமதி உண்டா என்ற கேள்வி இதனாலேயே எழுகிறது.

இந்தியாவில் இக்கல்வி வளர்ந்த வழி

ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னையில் 1850-ஆம் ஆண்டிலும், கொல்கத்தாவில் 1854-ஆம் ஆண்டிலும், மும்பையில் 1857-ஆம் ஆண்டிலும் கலைப் பள்ளிகள் தோன்றின. வணிக நோக்கில் படங்களை அச்சிடும் தொழிலும் அந்நூற்றாண்டில் விரிவடைந்தது. ராஜா ரவிவர்மா 1894-இல் மும்பையில் நிறுவிய அச்சகம், கல்லச்சு முறையில் வண்ணப் படங்களை வெளியிட்டு, தெய்வ உருவங்களைச் சாதாரண வீடுகளின் சுவர்களுக்குக் கொண்டு சேர்த்தது.

இதனைத் தன்னளவில் ஒரு படைப்புக் கலையாக வளர்த்ததில் ரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனில் 1919-இல் தொடங்கிய கலா பவனுக்கு முக்கியப் பங்கு உண்டு. அதன் முதல்வராகப் பணியாற்றிய நந்தலால் போஸ், காந்தியடிகள் தண்டி யாத்திரை மேற்கொண்ட 1930-ஆம் ஆண்டில், கையில் கோலுடன் நடக்கும் காந்தியின் உருவத்தைக் கறுப்பு வெள்ளை லினோகட்டாக உருவாக்கினார். தேசிய இயக்கத்தின் நிலைத்த சித்திரங்களில் ஒன்றாக அது இன்றும் விளங்குகிறது.

1943 வங்கப் பஞ்சத்தைச் சித்திரங்களாகப் பதிவு செய்த சித்தபிரசாத், உழைக்கும் மக்களின் வாழ்வை லினோகட்டில் தொடர்ந்து படைத்தார். லினோலியம் மலிவானது, செதுக்க எளிதானது, பெரிய இயந்திரம் இல்லாமல் கரண்டியின் முதுகால் தேய்த்தும் அச்செடுக்கலாம். மக்களிடம் விரைவாகச் சென்று சேர விரும்பிய கலைஞர்கள் இம்முறையை நாடியதற்கு இவையும் காரணங்கள் ஆகும். கலா பவனில் பதிப்போவியத் துறைக்குத் தலைமை வகித்த சோம்நாத் ஹோர், வெண்ணிறக் காகிதக் கூழில் காயத்தின் வடுக்களைப் போன்ற தடங்களைப் பதித்த 'காயங்கள்' என்ற படைப்பு வரிசைக்காக அறியப்படுகிறார்.

இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் 1925-இல் பிறந்த கிருஷ்ணா ரெட்டி, கலா பவனில் பயின்று, சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்து, பின்னர் லண்டன் வழியாகப் பாரிஸ் சென்றார். அங்கு ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் நடத்திய 'அட்டலியே 17' கூடத்தில், வெவ்வேறு பிசுபிசுப்புத்தன்மை கொண்ட மைகளைப் பயன்படுத்தி ஒரே தகட்டிலிருந்து பல வண்ணங்களை ஒரே அழுத்தத்தில் பதிக்கும் முறையை வளர்த்தெடுத்தவர்களில் அவர் முதன்மையானவர். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

தற்போது சாந்திநிகேதனின் கலா பவன், வதோதராவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம், டெல்லி கலைக் கல்லூரி, ஹைதராபாத் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களில் பதிப்போவியம் கவின்கலைப் பட்டப்படிப்புகளின் சிறப்புப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. முழு நேரமும் கலையையே பயிலும் மாணவர்களை மனத்தில் கொண்டு உருவானவை இத்துறைகள். இத்தகைய கூடங்களைப் பிற துறை மாணவர்களுக்கும் திறந்துவிடுவது மைனர் முறையின் முக்கியச் சவால் ஆகும்.

முதன்மைப் பாடத்துக்கு என்ன பயன்?

பதிப்போவியம் பல துறைகளைத் தொட்டுச் செல்லும் கலை. செம்புத் தகட்டை ஃபெரிக் குளோரைடு கரைசல் அரிப்பது ஓர் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க வினை. கரைசலின் செறிவும் வெப்பநிலையும் நேரமும் மாறும்போது கோட்டின் ஆழமும் மாறுவதை வேதியியல் மாணவர் தமது கண்ணாலேயே காணலாம். கிருஷ்ணா ரெட்டியின் வண்ண முறை, திரவங்களின் பாகுநிலை பற்றிய பாடத்துக்கு நேரடி எடுத்துக்காட்டு.

தாவரவியல் மாணவருக்கு வேறொரு வாயில் உள்ளது. ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை சென்னையிலிருந்து வெளியிட்ட தென்னிந்தியத் தாவரங்கள் குறித்த தொகுதிகளில் 2,000-க்கும் மேற்பட்ட கல்லச்சுப் படங்கள் இடம்பெற்றன. ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள் அவருக்காகத் தாவரங்களை வரைந்தனர். அறிவியல் நூலுக்குக் கல்லச்சு எவ்வாறு துணைநின்றது என்பதை, அதே முறையில் ஓர் இலையை வரைந்து அச்செடுத்த மாணவர் எளிதில் உணர்வார்.

இலக்கிய மாணவர், தாகூர் எழுதிய வங்க மொழி அரிச்சுவடியான 'சஹஜ் பாட்' நூலுக்கு நந்தலால் போஸ் அளித்த லினோகட் படங்களின் வழியே எழுத்துக்கும் படத்துக்கும் உள்ள உறவை ஆராயலாம். கணினி வடிவமைப்பில் ஆர்வம் உள்ளவருக்கு, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு திரை எனப் பிரித்து அச்சிடும் அனுபவம், மென்பொருளில் அடுக்குகளாகக் காணும் வண்ணப் பிரிப்பின் அடிப்படையைப் புரியவைக்கும்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது

உலோகத்தை அரிக்க நைட்ரிக் அமிலம் பயன்படுத்தப்படும் கூடங்களில் நச்சுத்தன்மை கொண்ட நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு வெளிப்படும். காற்றை வெளியேற்றும் அமைப்பு இல்லாத அறையில் இப்பணியைச் செய்வது ஆபத்தானது. செம்புத் தகடுகளுக்கு ஃபெரிக் குளோரைடு இதைவிடப் பாதுகாப்பான மாற்றாகக் கருதப்படுகிறது. எனினும் அதுவும் தோலையும் கண்ணையும் பாதிக்கக்கூடியது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பயன்படுத்திய கரைசலில் செம்பு கலந்திருப்பதால் அதைச் சாக்கடையில் கொட்டக் கூடாது.

மையைத் துடைக்க டர்பன்டைன், மண்ணெண்ணெய் ஆகியவற்றுக்குப் பதிலாகச் சமையல் எண்ணெயால் தேய்த்து, பின் சோப்பு நீரால் கழுவும் முறையைப் பல கூடங்கள் பின்பற்றுகின்றன. ஆஸ்துமா உள்ளிட்ட சுவாசப் பாதிப்புகள் உள்ள மாணவர்கள் சேர்வதற்கு முன் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது நல்லது. அமிலமே தேவைப்படாத மரச்செதுக்கு, லினோகட் ஆகியவற்றை மட்டும் முதன்மையாகக் கொண்ட பாடத்திட்டமும் சாத்தியமே.

மேற்படிப்புக்கு வழி உண்டா?

முதுநிலைப் படிப்புகளுக்கென யுஜிசி 2024-இல் வெளியிட்ட கட்டமைப்பு, இளநிலையில் மேஜராகவோ மைனராகவோ படித்த துறையில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் எனக் கூறுகிறது. மைனர் மாணவர்களுக்கு இது குறிப்பிடத்தக்க வாய்ப்பு. அதே வேளையில், கலைப் படிப்புகளுக்கான சேர்க்கையில் மாணவரின் படைப்புத் தொகுப்பும் செய்முறைத் தேர்வும் கணக்கில் கொள்ளப்படலாம். நிறுவனங்கள் தனித் தகுதிகளையும் நிர்ணயிக்கலாம். நான்காண்டுகள் முழுநேரமும் கூடத்தில் செலவிட்ட கவின்கலை மாணவர்களுடன் போட்டியிட வேண்டியிருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆகவே, மைனர் படிப்பின்போது எடுத்த ஒவ்வொரு சோதனைப் படியையும் தேதியிட்டுப் பாதுகாப்பது பயன் தரும். புத்தக வடிவமைப்பு, துணி அச்சு, அருங்காட்சியகப் பணி, பள்ளிக் கலைக் கல்வி ஆகிய துறைகளில் இந்த அனுபவம் கூடுதல் பலமாக அமையலாம். இம்மைனர் மட்டுமே வேலைக்கு உத்தரவாதம் அளிக்கும் எனக் கருத இயலாது.

பட்டம் முடித்த பின் இயந்திரம் கிடைக்காமல் பயிற்சி நின்றுபோவது இத்துறையில் உள்ள மற்றொரு சிக்கல். லலித் கலா அகாடமியின் சென்னை, கொல்கத்தா, லக்னோ, புவனேஸ்வர் மண்டல மையங்களும், டெல்லியின் கர்ஹி கலைக்கூடமும் கலைஞர்கள் பணியாற்றுவதற்கான கூடங்களைக் கொண்டுள்ளன. விதிமுறைகளுக்கு உட்பட்டு அவற்றை அணுகலாம்.

தமிழ்நாட்டு மாணவர்கள் கவனத்துக்கு

தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. எனவே மாநிலப் பல்கலைக்கழகங்களில் மேற்கண்ட மேஜர், மைனர் அமைப்பு அப்படியே இருக்கும் என எதிர்பார்க்க இயலாது. மத்தியப் பல்கலைக்கழகங்களிலோ பிற மாநிலங்களிலோ சேர விரும்பும் மாணவர்கள், அந்தந்த நிறுவனத்தின் நடப்பாண்டுக் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

* மொத்த கிரெடிட்களில் செய்முறைக்கு உரியவை எத்தனை?

* செய்முறை வகுப்பு ஒரே நாளில் தொடர்ச்சியாக எத்தனை மணி நேரம் நடைபெறும்? முதன்மைப் பாட ஆய்வக நேரத்துடன் மோதுமா?

* எத்தனை அழுத்த இயந்திரங்கள் இயங்கும் நிலையில் உள்ளன? ஒரு பிரிவில் எத்தனை மாணவர்கள்?

* மைனர் மாணவர்களுக்கு மாலையிலும் விடுமுறை நாள்களிலும் கூடம் திறந்திருக்குமா?

* தகடு, மை, தாள் ஆகியவற்றை நிறுவனம் வழங்குமா, மாணவர் வாங்க வேண்டுமா? தரமான பருத்தித் தாளும் செம்புத் தகடும் விலை மிகுந்தவை என்பதால் இக்கேள்வி முக்கியம்.

* அமிலப் பணிக்குக் காற்றோட்ட வசதியும், முழுநேரக் கூடப் பொறுப்பாளரும் உள்ளனரா?

இக்கேள்விகளுக்கான விடையை இணையதளத்தில் தேடுவதைவிட, சேர்க்கைக்கு முன் ஒருமுறை கூடத்தை நேரில் சென்று பார்ப்பது சிறந்த வழி. இயந்திரத்தில் மை படிந்திருக்கிறதா, உலர்த்தும் அடுக்குகளில் மாணவர்களின் படிகள் இருக்கின்றனவா என்பதைப் பார்த்தாலே அங்கு வேலை நடக்கிறதா என்பது தெரிந்துவிடும். மைனர் பாடத்தை இரண்டாம் பருவத்தின் முடிவில் அறிவித்தால் போதும் என்பதால், முதலாண்டு மாணவர்களுக்கு இதற்கான அவகாசமும் உள்ளது.